பெயரைக் கேட்டு வாங்காதீர்கள்: வைனும் குந்திரிக்கமும் தரம் பார்க்கும் விதம்



ஓமான் நாட்டின் தென்மூலையில், டோபார் மாகாணத்தில் இருக்கிற கடற்கரை நகரம் சலாலா. வளைகுடா என்றதும் மணலும் வெயிலும்தான் உங்கள் நினைவுக்கு வரும். இங்கே தெருவோரத்தில் தென்னையும் வாழையும் நிற்கும். ஆனியில் தொடங்கி புரட்டாதி பிறக்கும் வரை மலையில் தூறலும் புகாருமாக இருக்கும். எங்கள் ஊர் ஞாபகம் வராமல் போகாது.

இந்த ஊருக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது குந்திரிக்கம். அரபியில் லுபான். இந்த வழியால் யாராவது போகிறார்கள் என்றால் பிரான்சிலிருந்தும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் தொலைபேசி எடுத்து, "நல்லதாய்ப் பார்த்து அரைக் கிலோ வாங்கி விடும்" என்பார்கள். அந்த "நல்லதாய்ப் பார்த்து" என்ற சொல்தான் இந்த மாத உரையின் விஷயம். எதைப் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பரிசில் அக்கா வீட்டில் காலமானபோது என்னால் போக முடியவில்லை. அந்தியேட்டிக்காவது என் பங்காக ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு கடையில் ஒரு கிலோ குந்திரிக்கம் வாங்கி, பிரான்சுக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். "இது ஹோஜரி, முதல் தரம்" என்றார் கடைக்காரர். நானும் அந்தப் பெயரைக் கேட்டேன், கேட்ட விலையைக் கொடுத்தேன், வந்துவிட்டேன். அங்கே ஐயர் தணலில் போட்டதும் கரும்புகை. மண்ணெண்ணெய் போல நெடி. பிள்ளைகள் இருமத் தொடங்க, புகை எச்சரிக்கை மணி அடிக்க, கிரியையை நிறுத்தி யன்னலைத் திறக்க வேண்டியதாய்ப் போயிற்று. அக்கா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அத்தான்தான் சொன்னார்.

அடுத்த வருடம் அவர்கள் இருவரும் சலாலா வந்தார்கள். அத்தான் எண்பதுகளின் கடைசியில் அகதியாகப் பிரான்சுக்குப் போனவர். எங்கள் ஆட்கள் பலரைப் போல உணவகத்தில் கோப்பை கழுவித்தான் தொடங்கினார். பிறகு சமையலறை, பிறகு மேசை, கடைசியில் வைன் எடுத்து வைக்கிற வேலை. "நீ கடைக்காரன் சொன்ன பெயரை வாங்கினாய், சாமானை வாங்கவில்லை" என்றார். வைன் பார்க்கத் தனக்குப் பழக்கிய முறையிலேயே குந்திரிக்கத்தையும் பார்க்கலாம் என்று சொல்லி, பிளேன்ரீயை முன்னால் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. வைன் சோதிக்கிறவர்களே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள்.

வைனை எப்படிப் பார்க்கிறார்கள்?

"வைன் வைக்க வைக்கக் கூடும்" என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. கடையில் விற்கிற வைனில் பெரும்பகுதி ஓரிரு வருடங்களில் குடித்து முடிக்கத்தான் செய்யப்படுகிறது. பத்து, இருபது வருடம் வைத்திருக்கக்கூடிய சிவப்பு வைன் கொஞ்சம்தான். போர்தோவின் கபர்னே சோவினியோன், வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் சிரா, தென்மேற்கு மதிரானின் தனா போன்ற திராட்சைகளில் அந்தச் சாதி கிடைக்கும்.

அதை அறிய முதலில் கண். கிளாசைச் சரித்து வெள்ளைத் துணிக்கு மேலே பிடித்தால் இளம் வைன் கரையோரத்தில் ஊதாவாக இருக்கும். வயது போனால் செங்கல் நிறமாகி, ஓரத்தில் தோடம்பழ மஞ்சள் காட்டும். இரண்டாவது மூக்கு. இளமையில் பழவாசம். முதிரும்போது காய்ந்த இலை, தோல், புகையிலை போன்ற வாசங்கள். மூன்றாவது வாய். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற துவர்ப்புக்கு தனின் என்று பெயர். கடுஞ்சாயத் தேநீரைச் சீனியில்லாமல் குடித்தால் நாக்கும் முரசும் காய்ந்து பிடிக்குமே, அதுதான். அத்தான் பிளேன்ரீயை எடுத்தது இதற்குத்தான். இந்தத் துவர்ப்பும் புளிப்பும் பழச்சத்தும் மூன்றும் போதியளவு இருந்து, ஒன்றை ஒன்று அமுக்காமல் நின்றால் அந்த வைன் வைக்கத்தக்கது. வருடக்கணக்கில் தனின் மெதுவாக ஒன்றோடொன்று சேர்ந்து போத்தலின் அடியில் மண்டியாகப் படியும், துவர்ப்பு மிருதுவாகும். பழச்சத்து இல்லாமல் துவர்ப்பு மட்டும் இருந்தால், எத்தனை வருடம் வைத்தாலும் துவர்ப்புத்தான் மிஞ்சும்.

விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ ருசி எத்தனை நொடி நிற்கிறது என்றும் எண்ணிப் பார்ப்பார்கள். இன்னொரு எளிய சோதனை: போத்தலைத் திறந்து பாதியை அடுத்த நாள் மட்டும் வைத்துப் பார்ப்பது. ஒரு இரவு காற்றுப் பட்டும் கெடாமல், இன்னும் நன்றாக வந்தால் அது வருடங்களைத் தாங்கக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான பாடம், பெயரை மூடிவிட்டுப் பார்ப்பது. போர்தோ வைன்களுக்கு 1855 இல் தரவரிசை போட்டார்கள். தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்துப் போட்ட வரிசை அது. இன்றைக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. 1973 இல் மூட்டோன் ரொத்ஷில்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதலாம் தரத்துக்கு ஏறியதுதான் அதில் நடந்த பெரிய மாற்றம். ஆனால் 1976 மே 24 ஆம் திகதி பரிசில் ஒரு சோதனை நடந்தது. பிரெஞ்சு நிபுணர்களுக்குப் போத்தலின் பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். சிவப்பு வைனில் முதலிடம் பிடித்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். அதே மூட்டோன் இரண்டாவதாக வந்தது. பெயரை மூடியதும் மூக்கும் நாக்கும் சொன்னது வேறு.

சாம்பிராணி வேறு, குந்திரிக்கம் வேறு

குந்திரிக்கத்துக்கு வருவோம். எங்கள் வீடுகளில் எதைத் தணலில் போட்டாலும் சாம்பிராணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் மூன்று வேறு பொருட்கள் உண்டு.

சாம்பிராணி என்பது சுமாத்திரா போன்ற கிழக்கு நாடுகளிலிருந்து வருகிற ஒரு மரத்தின் பிசின். வனிலா போன்ற இனிப்பு வாசம் இருக்கும். அரபு வணிகர்கள் அதை "லுபான் ஜாவி", அதாவது ஜாவாவின் குந்திரிக்கம் என்றார்கள். அந்தச் சொல் ஐரோப்பிய வாய்களில் தேய்ந்துதான் பென்சோயின் ஆயிற்று. குங்கிலியம் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேறு மரங்களில் எடுப்பது. குந்திரிக்கம் பொஸ்வெலியா இன மரங்களின் பிசின். இந்தியாவிலும் அந்த இனத்தில் ஒரு மரம் உண்டு. டோபாரில் நிற்பது பொஸ்வெலியா சாக்ரா. ஓமான், யேமன், சோமாலியா ஆகிய நாடுகளில் வளர்கிறது. குழந்தை யேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த மூன்று பொருட்களில் ஒன்று இது. தமிழ் விவிலியங்களில் தூபவர்க்கம் என்றும் சாம்பிராணி என்றும் இருவிதமாகப் படித்திருப்பீர்கள்.

கடைகளில் விற்கிற கப் சாம்பிராணி பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் வாசனையும் சேர்த்து அச்சிட்டது. அதை வைத்துக் குந்திரிக்கத்தை அளக்காதீர்கள்.

நிலம் கொடுக்கிற குணம்

ஒரு வைனின் குணம் அது விளைந்த மண்ணிலும் காற்றிலும் இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர் சொல்வார்கள். நாங்கள் சாவகச்சேரிப் பலாப்பழம், யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் என்று ஊரோடு சேர்த்துச் சொல்வதும் அதைத்தான். குந்திரிக்கத்துக்கும் அப்படியே.

பருவமழை மேகம் கடலைப் பார்த்த மலைச்சரிவில் தடைபட்டு நின்றுவிடும். மலைக்குப் பின்னால் வறண்ட கல்நிலம். நல்ல குந்திரிக்க மரங்கள் அந்த வறட்சியில்தான் நிற்கின்றன. சலாலாவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றரில் வாடி டௌக்கா என்ற பள்ளத்தாக்கில் அவற்றை வீதியோரமாகவே பார்க்கலாம். ஆளுயரத்துக்குச் சற்று மேலே, முறுக்கிய கொப்புகளும் கடதாசி போல உரிகிற பட்டையுமாக இருக்கும். டோபாரின் குந்திரிக்க நிலங்களை யுனெஸ்கோ 2000 ஆம் ஆண்டு உலக மரபுரிமையில் சேர்த்தபோது இந்தப் பள்ளத்தாக்கும் அதில் சேர்ந்தது.

சித்திரை அளவில் வெயில் ஏறத் தொடங்க, மங்கஃப் என்ற சிறு கத்தியால் பட்டையைக் கொஞ்சமாகச் சீவுவார்கள். பால் கசிந்து இறுகும். முதல் கசிவு பெரிதாக மதிக்கப்படுவதில்லை. கிழமைக் கணக்கில் காத்திருந்து அதே இடத்தைத் திரும்பச் சீவ, இரண்டாம் மூன்றாம் முறை வருகிற முத்துகளே நல்லவை.

கடைகளில் நான்கு பெயர் கேட்பீர்கள்: ஹோஜரி, நஜ்தி, ஷஸ்ரி, ஷாபி. கிழக்கு மலைகளுக்குப் பின்னாலுள்ள வறண்ட நிலத்தது ஹோஜரி, அதற்கே விலை அதிகம். மலைக்கு வடக்கே மேட்டு நிலத்தது நஜ்தி. ஷஸ்ரி மலைப்பக்கத்தது. கடலோரத்து ஷாபி விலை குறைந்தது. இவை உண்மையில் நிலத்தின் பெயர்கள். ஆனால் சந்தையில் வெளிர்நிறமாய் இருந்தால் ஹோஜரி என்று சொல்லிவிடுகிற பழக்கமும் இருக்கிறது. நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

கண், மூக்கு, வாய், நெருப்பு

கண்: ஒரு பிடியை வெள்ளைக் கடதாசியில் கொட்டுங்கள். இயற்கையான முத்துகள் கண்ணீர்த்துளி போலவும் உருண்டையாகவும் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். மேலே மெல்லிய வெண்தூள் படிந்திருக்கும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளி, இளம்பச்சை நிறங்களுக்கு விலை கூட. மஞ்சளும் செம்மஞ்சளும் அடுத்தவை. பட்டைத்துண்டும் தூளும் அதிகமென்றால் எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள். ஒரு முத்தை உடைத்துப் பாருங்கள். குந்திரிக்கம் உடைந்த இடம் மெழுகு போல மங்கலாக இருக்கும். கண்ணாடிச் சில்லுப் போலப் பளபளவென்று உடைந்தால் சந்தேகப்படுங்கள். பைன் மரப் பிசின் அப்படித்தான் உடையும், அது மலிவு.

மூக்கு: இரண்டு முத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேறத் தேயுங்கள். இதன் எண்ணெயில் அதிகம் இருப்பது அல்பா பைனீன். அது பைன் மரத்திலும் உண்டு. ஆகையால் பைன் வாசம் வந்தால் உடனே போலி என்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு தேசிக்காய்த் தோலின் வாசமும் மெல்லிய மிளகுக் காரமும் சேர்ந்து வர வேண்டும். வெறும் தேப்பந்தைல நெடி மட்டும் வந்தால் வேண்டாம். மூக்கு வெகு சீக்கிரம் களைத்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று வகைக்கு மேல் மணக்காதீர்கள்.

வாய்: இங்குள்ளவர்கள் லுபானைச் சவைப்பார்கள். மிளகளவு துண்டைக் கொஞ்ச நேரம் வாயில் ஊறவிட்டுப் பிறகு மெல்லக் கடிக்க வேண்டும். முதலில் பொடிந்து, லேசாகக் கைக்கும். பிறகு ஒன்றாகச் சேர்ந்து வெள்ளைச் சுவிங்கம் போல ஆகும். வாய் குளிர்ந்திருக்கும். தார் போலப் பல்லில் ஒட்டினால் துப்பிவிடுங்கள். நம்பகமான இடத்தில் வாங்கியதை மட்டும் வாயில் வையுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் மருந்து எடுப்பவர்களும் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது நல்லது. நோய் மாற்றும் என்று யாராவது சொன்னால் வைத்தியரைக் கேளுங்கள்.

வாயில் வைக்க விருப்பமில்லாதவர்களுக்குத் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. குந்திரிக்கத்தில் எண்ணெய், பிசின், கோந்து என்று மூன்று பங்கு உண்டு. கோந்து தண்ணீரில் கரையும், மற்ற இரண்டும் கரையாது. நாலைந்து முத்தை இரவு தண்ணீரில் போட்டால் விடியத் தண்ணீர் பால் போலக் கலங்கி, முத்து வெளுத்து மிருதுவாயிருக்கும். பைன் பிசினிலும் குங்கிலியத்திலும் அந்தக் கோந்து இல்லை. தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும்.

நெருப்பு: தணல் கொழுந்துவிட்டு எரியும்போது போடாதீர்கள். எந்த நல்ல சரக்கும் கருகி நாறும். மேலே சாம்பல் பூத்த பிறகு போட வேண்டும். முத்து இளகிக் கொதித்து வெண்புகை விடும். முதலில் தேசிக்காய் வாசம், பிறகு ஆழமான பிசின் வாசம். கடைசியில் கறுத்த கரி மிஞ்சுவது வழமை. எடுத்த எடுப்பில் கரும்புகையும் எண்ணெய் எரிகிற நெடியும் வந்தால் கலப்படம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அத்தான் ஒரு வேலை செய்தார். மூன்று விலையில் மூன்று வகை வாங்கி, மூன்று சாசரில் போட்டு, அடியில் இலக்கம் எழுதினார். அக்கா, நான், அவர் மூவரும் தனித்தனியே எழுதிக்கொடுத்தோம். விலை கூடிய ஹோஜரியை நான் ஒருவன்தான் முதலாவதாக எழுதினேன். மற்ற இருவரும் எழுதியது நடுவிலையில் வாங்கிய தெளிவான நஜ்தியை. அக்கா, "கோயில் வாசம் இதில்தான் இருக்கு" என்றா. வீட்டுப் பாவனைக்கு அதற்கு மேல் என்ன தரம் வேண்டும்?

ஒரு வித்தியாசம்

வைனோடு ஒப்பிடலாம் என்றாலும் ஒரு இடத்தில் இரண்டும் பிரிகின்றன. நல்ல வைன் ஏறத்தாழ 12, 13 பாகை குளிரில், இருட்டில், போத்தலைப் படுக்க வைத்துக் காத்திருந்தால் முதிர்ந்து நன்றாகும். குந்திரிக்கம் முதிராது. எடுத்த பின் கொஞ்சக் காலம் உலர்ந்து இறுக வேண்டும், அவ்வளவுதான். பிறகு அதன் எண்ணெய் மெதுவாகப் பறந்துகொண்டே இருக்கும். காற்றுப் பட்டு நிறமும் மங்கும். பிசின் கெட்டுப்போகாது, ஆனால் தேசிக்காய் வாசம் குறையும். எனவே "பத்து வருடப் பழசு" என்று கூடிய விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்குத் தேவையானதை வாங்கி, மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் வெயில் படாமல் வையுங்கள்.

எங்கள் ஆட்கள் முன்பே வந்த துறை

சலாலாவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றரில் கோர் ரோரி என்ற கழிமுகம் இருக்கிறது. அதன் கரையில் சும்ஹுறம் என்ற பழைய துறைமுக நகரம். கிறிஸ்துவுக்கு முன் 3 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இத்தாலியப் பீசா பல்கலைக்கழக அறிஞர்கள் இங்கே நீண்டகாலமாக அகழ்கிறார்கள். 2006 இல் அவர்களுக்குக் கிடைத்த ஒரு பானையோட்டில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. "ணந்தை கீரன்" என்று வாசித்திருக்கிறார்கள். முதலாம் நூற்றாண்டு அளவினது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைன் வந்த சாடிகளின் துண்டுகளும் இதே இடத்தில் கிடைத்தன.

அதே நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய "பெரிப்ளூஸ்" என்ற கடல்வழி நூல் இதற்குப் பொருந்துகிறது. தமிழகத்தின் மேற்குக் கரையிலிருந்து வருகிற கப்பல்கள் பருவம் பிந்தினால் இந்தத் துறையில் தங்கும், துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் ஏற்றும் என்று அது சொல்கிறது. வைன் சாடியும் குந்திரிக்க மூட்டையும் ஒரே துறையில் இறங்கி ஏறியிருக்கின்றன. கீரன் என்ற அந்த மனிதரும் முத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மரத்தையும் பாருங்கள்

ஒன்றை மறக்கக் கூடாது. வருடாவருடம் அளவுக்கு மிஞ்சிச் சீவினால் மரம் மெலியும், விதையும் கெடும். எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் பக்கத்தில் வளரும் இன்னொரு வகைக் குந்திரிக்க மரத்தை ஆராய்ந்தவர்கள், இளமரங்கள் வளராததால் இருபது வருடத்தில் விளைச்சல் பாதியாகக் குறையலாம் என்று 2019 இல் எழுதினார்கள். டோபார் மரங்களும் கவனிக்கப்பட வேண்டிய நிலையில்தான் இருக்கின்றன. குறைவாக வாங்கி, ஒரு முத்தை முழுதாக மணந்து பயன்படுத்துவது மரத்துக்கும் நல்லது, கைக்காசுக்கும் நல்லது.

நினைவில் வைக்க வேண்டியவை:

பெயரைக் கேட்பதற்கு முன் சரக்கைப் பாருங்கள். முதலில் 50 கிராம் வாங்கி, வீட்டில் தண்ணீரிலும் தணலிலும் சோதித்துவிட்டுப் பிறகு மிச்சத்தை வாங்குங்கள். ஒரே கடையில் முடிவெடுக்காமல் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் அந்த நாட்டுச் சுங்க விதியைக் கேட்டறிந்து, மரப்பிசின் என்று அறிவித்துக் கொண்டுபோங்கள்.

அம்மாவின் இரண்டாம் வருடத் திவசத்துக்கு அந்த நஜ்தியில் கால் கிலோ அனுப்பினேன். அன்றிரவு அக்கா எடுத்தா. "மணி அடிக்கவில்லை. நெடுநேரம் வாசம் நின்றது" என்றா. பிறகு அம்மாவின் கதைதான் கதைத்தோம்.